பனித்தளமும் பாவையரும்: டொரொண்டோ பல்கலைக் கழக மகளிர் ஹாக்கிக் குழுவின் வரலாறு

குளிர் என்பது இன்னதென்று நம் நாட்டில் ஓரளவேனும் அறிந்தவர்கள் கேமரன் மலைவாசிகள். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருபவர் முகம் தெரியாது. தேயிலைச் செடிகளின் மேற்பரப்பு மட்டுமே கண்ணுக்குப் புலப்படும். ஆயினும் நம்முடைய குளிர் நீரை உறைய வைக்கும் குளிர் அன்று. மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் இக்கேமரன் மலையில் காணப்பட்ட 7.8 பாகையேயாகும். நீர் கல்லாக உறைய வேண்டுமானால் அது சுழியத்துக்கு இறங்க வேண்டும்.

அவ்வாறிருக்க, தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் பனிக்கட்டியின் மேல் ஆடப்படும் ஓர் ஆட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எங்கள் பள்ளித் திடல் சிறியது. மாலை வேளைகளில் பையன்கள் பந்து உதைப்பார்கள். பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று கைகொட்டுவார்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்று, "ஐயா, எங்களுக்கு எந்த நாள்?" என்று கேட்டாள். "பார்க்கலாம் அம்மா" என்றேன். ஆசிரியர்களாகிய நாங்கள் "இல்லை" என்பதற்கு வைத்திருக்கும் மரியாதையான சொல் "பார்க்கலாம்" என்பது. அவள் அதைப் புரிந்துகொண்டு போய்விட்டாள். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. அதே கேள்வியை நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை அதன் பின்னர்ப் படிக்க நேர்ந்தது. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

டொரொண்டோ நமக்கு அந்நியமான ஊர் அன்று. ஈழத்துத் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் நகரம் அது. அந்நகரின் பல்கலைக் கழகத்துக்கு உட்பட்ட ஸ்கார்பரோ வளாகத்தில், உலகத் தமிழர் பலர் அளித்த நன்கொடையால் தமிழ் இருக்கை அமைந்துள்ளது. நம் மொழிக்கு இடம் தந்த அக்கழகம் தன் மாணவியருக்கு விளையாட இடம் தந்த கதையும் நாம் அறியத்தக்கதே.

ஆட்டத்தின் இயல்பு

திடலில் ஆடும் ஹாக்கியை நாம் நன்கு அறிவோம். பனித்தள ஹாக்கியும் வளைந்த கோல் கொண்டு ஆடுவதே. ஆனால் பந்துக்குப் பதிலாக 3 அங்குலக் குறுக்களவும் 1 அங்குலக் கனமும் உடைய கெட்டியான ரப்பர் வட்டு பயன்படுகிறது. அதனை ஆடுமுன் குளிரவைப்பார்கள், இல்லையேல் துள்ளும். பக்கத்துக்கு அறுவர், அவருள் ஒருவர் இலக்குக் காவலர். காலணியின் அடியில் எஃகு அலகு பொருத்தியிருக்கும். ஒவ்வொன்றும் 20 நிமிடங்கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வேகமும் உடல் வலிமையும் அஞ்சாமையும் இதற்கு இன்றியமையாதன.

கட்டடத்தினுள் ஒழுங்கு முறையாக நடைபெற்ற முதல் ஆட்டம் 1875-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் மொண்ட்ரியல் நகரில் நிகழ்ந்தது. அதனை ஆடிய ஆடவருள் மெக்கில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர். ஆகவே இவ்வாட்டம் தோன்றிய நாள் தொட்டே கல்லூரியோடு உறவுடையது. ஆனால் அன்று அக்கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை.

கதவு திறந்த காலம்

1884-ஆம் ஆண்டில் மெக்கில், டொரொண்டோ ஆகிய இரு பல்கலைக் கழகங்களும் மாணவியரைச் சேர்த்துக்கொண்டன. மெக்கிலில் டொனால்டு ஸ்மித் என்னும் செல்வர் கொடுத்த நிதியால் மகளிர் வகுப்புகள் நடைபெற்றமையின், அம்மாணவியரை "டொனால்டாக்கள்" என்றே அழைத்தார்கள். அவர்களுக்கு வகுப்பும் தனி, வாயிலும் தனி.

படிக்க இடம் கொடுத்தவர்கள் ஆட இடம் கொடுக்கத் தயங்கினார்கள். அக்காலத்து மருத்துவர் பலர், கடுமையான உடற்பயிற்சி பெண்ணின் கருப்பையைக் கெடுக்கும் என்று நம்பினர். அதிகம் படித்தாலும் கெடும் என்று சொன்னவர்களும் உண்டு. எனினும் குளிர்காலத்தில் ஊர்க்குளமெல்லாம் உறைந்து கிடக்கும் நாட்டில், சறுக்குக் காலணி கட்டிய பெண்ணை யார் தடுக்க முடியும்? கனடாவின் தலைமை ஆளுநராக 1888 முதல் 1893 வரை விளங்கிய ஸ்டான்லி பிரபுவின் மகள் இசபெல், ஆட்டாவா ஆளுநர் மாளிகைப் பனித்தளத்தில் நீண்ட வெள்ளாடை உடுத்தி இவ்வாட்டம் ஆடும் நிழற்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. அது 1890-ஐ ஒட்டி எடுக்கப்பட்டது. ஆடவர் ஹாக்கியின் தலைசிறந்த பரிசாகிய ஸ்டான்லி கிண்ணத்தை 1892-இல் வழங்கியவர் அப்பெண்ணின் தந்தையே.

1890-களின் நடுவில் கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக் கழக மாணவியர் ஒரு குழு அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் "என்னைச் சிறிதே நேசி" என்னும் பொருள்படும் விளையாட்டுப் பெயர். ஆட்டமும் பிடிக்கவில்லை, பெயரும் பிடிக்கவில்லை; சமயத் தலைவர் சினங்கொண்டார். மெக்கில் மாணவியர் ஆடும்போதோ ஆடவர் பார்வையிட அனுமதி இல்லை. அந்நாளைய இலக்குக் காவலர்கள் பாவாடையை விரித்துக் குந்தி வட்டை மறிப்பர் என்றும், பாவாடை பறவாதிருக்க விளிம்பில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்துக்கொள்வர் என்றும் கூறுவர். தடையாகக் கொடுக்கப்பட்ட உடையையே கேடயமாக்கிக்கொண்ட அறிவை மெச்சத்தான் வேண்டும்.

டொரொண்டோவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செயிண்ட் ஹில்டா, விக்டோரியா முதலிய கல்லூரிகளின் மாணவியர் தமக்குள் குழு அமைத்து ஆடினர். முதல் உலகப் போருக்குப் பின்னர், 1920-களில், டொரொண்டோ, மெக்கில், குவீன்ஸ் மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடும் நிலை வந்தது. ஒண்டாரியோ மாகாண மகளிர் ஹாக்கிச் சங்கம் 1922-இல் தோன்றியது. பல்கலைக் கழகக் குழுக்களுள் டொரொண்டோவின் கையே ஓங்கியிருந்தது.

மருத்துவர்களுக்கு ஒரு மறுமொழி

அக்காலத்து டொரொண்டோ குழுவின் ஒளிவிளக்காகத் திகழ்ந்தவர் மேரியன் ஹில்லியார்டு. 1902-இல் பிறந்த இவர், 1924-இல் கலைப் பட்டமும் 1927-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். படித்த காலமெல்லாம் பனித்தளத்தில் முன்னணி ஆட்டக்காரராகவும் விளங்கினார். பின்னர் டொரொண்டோவின் மகளிர் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1957-இல் அவர் பெண்களுக்கென எழுதிய நூல் பல நாடுகளில் படிக்கப்பெற்றது. மறு ஆண்டே அவர் காலமானார்.

இதில் உள்ள பொருத்தத்தைக் கருதுக. "ஆடினால் பிள்ளைப்பேறு கெடும்" என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் அச்சுறுத்தினார்கள். அடுத்த தலைமுறையில், ஆடிக் களித்த பெண் ஒருத்தியே மருத்துவராகி, எண்ணற்ற பிள்ளைகளைத் தன் கையால் இவ்வுலகுக்கு வரவேற்றாள். இதைவிடச் சிறந்த மறுமொழி வேறு என்ன இருக்க முடியும்?

அதே 1927-ஆம் ஆண்டில் குவீன்ஸ் குழுவின் இலக்குக் காவலரான எலிசபெத் கிரஹாம், வாட்போர் பயிற்சிக்குரிய கம்பி முகமூடியை அணிந்துகொண்டு தளத்தில் இறங்கினார். பற்களைச் சீர்படுத்தப் பெருஞ்செலவு செய்திருந்தமையின் அவற்றைக் காக்கவே அவ்வாறு செய்தார் என்பர். ஹாக்கியில் முகமூடி அணிந்த முதல் இலக்குக் காவலர் இவரே என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். ஆடவர் ஆட்டத்தில் 1930-இல் ஒருவர் சில நாள் அணிந்து கைவிட்டார். 1959-இல் ஜாக் பிளாண்ட் அணிந்த பின்னரே அது வழக்கமாயிற்று. கல்லூரி மாணவி ஒருத்தி கண்ட நல்லறிவை உலகம் ஏற்க முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

தளம் யாருக்கு?

மகளிர் ஹாக்கியின் ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: தளம் யாருக்கு, எத்தனை மணி நேரம்? குளத்துப் பனி இயற்கை தருவது. அது எல்லோருக்கும் பொது. ஆனால் தரைக்கடியில் குழாய் பதித்துக் குளிரூட்டி உறைய வைக்கும் செயற்கைத் தளங்கள், கனடாவில் 1911-ஆம் ஆண்டின் இறுதி முதல் தோன்றின. அவை ஆண்டில் நெடுங்காலம் பயன்படும், ஆட்டமும் வளரும். ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. விலை வந்தவுடன் வரிசை வந்தது. வரிசையில் பெண்கள் கடைசியில் நின்றார்கள். நல்ல நேரம் ஆடவருக்கும் கட்டணம் கொடுத்துப் பார்க்க வருவோருக்கும் போக, எஞ்சிய நேரமே அவர்களுக்குக் கிட்டியது. டொரொண்டோ பல்கலைக் கழகத்தின் வார்சிட்டி அரங்கம் 1926-இல் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் இந்நிலை எளிதில் மாறவில்லை.

1930-களின் பொருளாதார மந்தமும் அடுத்து வந்த பெரும் போரும் மகளிர் குழுக்களைப் பெரிதும் நலியச் செய்தன. மாகாணச் சங்கமும் மறைந்தது. பனித்தளத்துக்கு வெளியேயும் இதே கதைதான். அப்பல்கலைக் கழகத்தின் புகழ்பெற்ற ஹார்ட் மாளிகை 1919-இல் திறக்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடம், நீச்சற் குளம், நூலகம் யாவும் அங்கு உண்டு. ஆனால் 1972 வரை மாணவியர் அதன் உறுப்பினராக முடியவில்லை.

இந்நிலையை மாற்ற நெடுங்காலம் பாடுபட்டவருள் கிளாரா பென்சன் என்னும் அம்மையார் ஒருவர். 1903-இல் டொரொண்டோவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இரு பெண்களுள் இவரும் ஒருவர், வேதியியல் அறிஞர். ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிக்கொண்டே, மாணவியருக்கென ஓர் உடற்பயிற்சிக் கட்டடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்தார். அக்கட்டடம் எழுந்தது 1959-இல். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இரு சிறுமியர்

1955-ஆம் ஆண்டில் டொரொண்டோ நகரச் சிறுவர் ஹாக்கிக் குழு ஒன்றில் "ஏப் ஹாஃப்மன்" என்ற பெயரில் ஓர் ஆட்டக்காரர் சேர்ந்தார். திறமை கண்டு சிறப்புக் குழுவுக்குத் தெரிவு செய்து, பிறப்புச் சான்றிதழைப் பார்த்தபோதுதான், அவர் ஒன்பது வயதுச் சிறுமி அபிகேல் என்பது வெளிப்பட்டது. முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆடி வந்திருக்கிறாள். ஹாக்கிக் கதவு மூடியதும் அவள் ஓட்டப் பந்தயத்துக்குத் திரும்பினாள்; 1964 முதல் 1976 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் கனடாவுக்காக ஓடினாள். டொரொண்டோவில் மாணவியாக இருந்தபோது ஹார்ட் மாளிகை ஓடுதளத்தில் பயிற்சி செய்யப் போனவளை, பெண் என்பதற்காக வெளியேற்றினார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து மற்றொரு சிறுமி வந்தாள். ஜஸ்டின் பிளேனி என்பது அவள் பெயர். 1985-இல், பன்னிரண்டு வயதில், பையன்கள் குழுவொன்றில் தன் திறமையால் இடம் பெற்றாள். ஆனால் சங்க விதி இடங்கொடுக்கவில்லை. ஒண்டாரியோ மனித உரிமைச் சட்டமே விளையாட்டுத் துறையில் பால் வேற்றுமை காட்டலாம் என்று ஒரு விலக்கு வைத்திருந்தது. அவள் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1986-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்விலக்கு கனடா அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மேல் வழக்கை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1987-இன் இறுதியில் மனித உரிமை வழக்கிலும் அவளுக்கே வெற்றி கிட்டியது. அபிகேல் முடியைக் கத்தரித்துக்கொண்டு நுழைந்தாள். ஜஸ்டின் பெண்ணாகவே நின்று சட்டத்தைக் கத்தரித்தாள்.

வென்ற குழுவைக் கலைக்க வந்த ஆணை

இனி நம் கதையின் நெருக்கடியான கட்டம். 1980-களில் டொரொண்டோ பல்கலைக் கழக மகளிர் குழு மாகாணத்தில் நிகரற்று விளங்கியது. ஆண்டுதோறும் என்னும்படி வாகை சூடியது. அத்தகைய குழுவையே நிறுத்திவிடலாம் என்ற பரிந்துரை 1993-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது. காரணம் பணமுடை. ஹாக்கி செலவு மிகுந்த ஆட்டம். ஆகவே அதைக் கைவிட்டால் கணக்கு சரியாகும் என்று எண்ணினார்கள்.

தோற்கும் குழுவைக் கலைத்தால் "திறமை இல்லை" என்று சொல்லலாம். வெல்லும் குழுவைக் கலைக்கும்போது என்ன சொல்வது? முன்னாள் மாணவியரும் இந்நாள் ஆட்டக்காரரும் ஒன்று சேர்ந்தனர்; நிதி திரட்டினர்; கடிதம் எழுதினர்; செய்தித்தாள்களுக்குச் சென்றனர். அவ்வியக்கத்தில் முன்னின்றவர், அப்போது அதே பல்கலைக் கழகத்தில் மாணவியாக இருந்த ஜஸ்டின் பிளேனி. சிறுமியாக நீதிமன்றத்தில் வென்றவர், மாணவியாக நிதிக் குழுவோடு போராட வேண்டியிருந்தது. உரிமை ஒரு முறை பெற்றால் போதும், பிறகு தானே நிலைத்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இது தக்க பாடம். குழு காப்பாற்றப்பட்டது.

காத்ததன் பயன் விரைவில் தெரிந்தது. முதல் உலக மகளிர் வாகைப் போட்டி 1990-இல் ஆட்டாவாவில் நடந்தேறியிருந்தது; 1998-இல் நகானோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி முதன்முதலாக இடம் பெற்றது. அதே 1998-இல் கனடாப் பல்கலைக் கழகங்களுக்கிடையே தேசிய மகளிர் போட்டியும் தொடங்கியது. முதல் இரு ஆண்டுகளும் மொண்ட்ரியலின் கொன்கோர்டியா வென்றது. 2001-இல் டொரொண்டோ, அவ்வாண்டு முழுவதும் தோல்வியே காணாமல் தேசிய வாகை சூடியது. கலைக்கச் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் எட்டு ஆண்டுகளே ஆகின்றன. அக்குழுவில் ஆடிய ஜேனா ஹெஃபர்டு 2002 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் வெற்றிக்குரிய கோலை அடித்தார். அதே குழுவில் முன்பு ஆடி, 2002, 2006 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற விக்கி சுனஹாரா, 2011-இல் குழுவின் தலைமைப் பயிற்சியாளரானார். கலைத்திருந்தால் இம்மரபு எங்கே தொடர்ந்திருக்கும்?

இமயத்திலிருந்து ஒரு செய்தி

இவையெல்லாம் மேல்நாட்டுக் கதை, நமக்கு ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டா. இந்தியாவின் லடாக்கில், கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டர் உயரத்தில், உறைந்த குளங்களே பனித்தளம். அங்கும் முதலில் தளம் ஆடவருக்கே. சிறுமியர் காத்திருந்து, மிகுந்த நேரத்தில் இரவல் காலணியில் ஆடிப் பழகினர். பெரும்பாலும் அப்பெண்களைக் கொண்டு அமைந்த இந்திய மகளிர் குழு 2016-இல் தைப்பேயில் முதன்முதலாக ஆசியப் போட்டியில் இறங்கியது. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் குழுவை 4-3 என்ற கணக்கில் வென்று முதல் வெற்றியைப் பெற்றது. அதே போட்டியில் நம் மலேசிய மகளிர் குழுவையும் வென்றது. 2025-இல் ஐக்கிய அரபு நாட்டின் அல் அயினில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் பெற்றது. 2018-இல் கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர் லடாக் சென்று அப்பெண்களுக்குப் பயிற்சியளித்தார். அவரும் கால்கரி பல்கலைக் கழகக் குழுவில் ஆடியவர், பிற்பாடு மருத்துவரானவர். ஹில்லியார்டு தொடங்கிய மரபு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பாருங்கள்!

முடிவாக

தமிழ்ப் பெண்களுக்கு ஆட்டம் புதிதன்று. பந்தும் கழங்கும் ஊசலும் அம்மானையும் நம் இலக்கியங்களில் மகளிர் ஆட்டங்களே. சிலப்பதிகாரத்தில் பந்தாடும் மகளிர்க்கெனக் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. இடையில் எங்கோ, "பெண் பிள்ளைக்கு எதற்கு ஆட்டம்?" என்ற சொல் நம் வீடுகளில் குடிபுகுந்துவிட்டது. தோட்டத்தில் முதுகில் கூடையைச் சுமந்து செங்குத்தான சரிவில் நாள் முழுதும் கொழுந்தெடுத்தவர்கள் நம் தாய்மார்கள். அவ்வுழைப்புக்கு உடல் இடங்கொடுக்கும். அரை மணி நேர ஆட்டத்துக்கு இடங்கொடாதா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்விப் பாடம் நானும் படித்தேன், தேர்வும் எழுதினேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்ற சொற்றொடரை விடைத்தாளில் எழுதியது நினைவிருக்கிறது. அதைத் திடலில் எழுதத்தான் இத்தனை ஆண்டுகள் தவறிவிட்டேன். குற்றம் திடலின் சிறுமையில் இல்லை. நேரத்தைப் பங்கிட்ட என் கையில் இருந்தது.

இப்பொழுது எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் புதிய அட்டவணை ஒன்று தொங்குகிறது. செவ்வாயும் வியாழனும் பெண் பிள்ளைகளுக்கு. முதல் செவ்வாயன்று மழை, ஆட்டம் இல்லை. வியாழனன்று பதினொருவர் வந்தார்கள். கேள்வி கேட்ட மாணவியும் வந்தாள். பையன்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுவரும்படி அவர்களுள் இருவரை அனுப்பினேன்.